மந்திரம் தெரியாத மணிமேகலைகள்

போன வருடம் இளங்கலைத் தமிழ் வகுப்பில் மணிமேகலையின் 23ஆவது காதையை நடத்திக்கொண்டிருந்தேன். 'சிறைவிடு காதை.' திருப்பூரில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் லீவு நாட்களில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல் என்று எது கிடைக்கிறதோ அது. சிலர் பன்னிரண்டாவது முடித்து இரண்டு மூன்று வருடம் கம்பெனி ஹாஸ்டலில் இருந்துவிட்டு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு படிக்க வந்தவர்கள். இராசமாதேவி மணிமேகலைக்கு அறிவு மயக்கும் மருந்தை ஊட்டும் இடம் வந்தபோது, அப்படி வந்த ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், எங்க லைன்லயும் மாத்திரை குடுப்பாங்க. மாசத்துல அந்த மூணு நாளு வயித்து வலின்னு சொன்னா போதும். அட்டை கூட இருக்காது, உதிரியாத்தான் கையில போடுவாங்க. முழுங்கிட்டு மறுபடி மிஷின்ல உக்காரணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மணிமேகலைக்கு மந்திரம் தெரிஞ்சுதுங்க. அதனால தப்பிச்சா. நமக்கு?"

அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் சொன்ன மாத்திரை அவள் கம்பெனியில் மட்டும் இருந்ததல்ல. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளிப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி, மாதவிடாய் வலிக்குப் பெயர் குறிப்பிடாத மாத்திரைகள் தரப்படுவதை வெளியே கொண்டுவந்தார்கள். லீவு கொடுத்தால் டார்கெட் போய்விடும் என்பதுதான் அதன் பின்னால் இருந்த கணக்கு.

கதையை மறந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிமேகலையைத் துரத்தித் துரத்தி வந்த இளவரசன் உதயகுமரன் கொல்லப்படுகிறான். வாளை வீசியவன் காஞ்சனன். ஆனாலும் பழியின் ஒரு பங்கு மணிமேகலை மேல் விழுந்து, அவள் சிறை வைக்கப்படுகிறாள். மகனை இழந்த அரசி, அன்பு காட்டுவதுபோல் அவளைச் சிறையிலிருந்து தன்னிடம் வரவழைக்கிறாள். பிறகு தொடங்குகின்றன கொடுமைகள். முதலில் மருந்து. அடுத்து, முரட்டு இளைஞன் ஒருவனுக்குக் காசு கொடுத்து, அவளைக் கெடுத்துவிட்டு அவளே இணங்கினாள் என்று ஊரெல்லாம் சொல்லச் சொல்கிறாள். அதுவும் பலிக்காதபோது புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். எதுவும் மணிமேகலையைத் தொடவில்லை. முற்பிறப்பை உணர்ந்தவள் என்பதால் மருந்து அறிவைக் கலைக்கவில்லை. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தால் ஆணாக மாறினாள், வந்தவன் ஓடிப்போனான். பசி போக்கும் மந்திரம் பட்டினியை வென்றது. அரசி நடுங்கி மன்னிப்புக் கேட்கிறாள். மணிமேகலை அவளுக்கு அறம் உரைக்கிறாள். அரசி வணங்க, அது தகாது என்று சொல்லி மணிமேகலையும் அவளை வணங்குகிறாள்.

கொடுமை செய்தவளும் பட்டவளும் ஒருவரையொருவர் தொழுகிற இந்தக் காட்சியைப் பாடநூல்கள் மணிமேகலையின் பொறுமைக்குச் சான்றாகக் காட்டுகின்றன. நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். 'பொறையுடைமை' அதிகாரத்தின் முதல் குறளைப் பக்கத்தில் வைப்பேன். தன்னை வெட்டுகிறவனையும் தாங்கும் நிலத்தின் உவமை வகுப்பில் நன்றாக எடுபடும். அந்த உவமை எப்போதும் யாரிடம் சொல்லப்படுகிறது என்று யோசித்ததில்லை. சூப்பர்வைசரைப் பார்த்து நிலம்போல் இரு என்று யாரும் சொல்வதில்லை.

ஹன்னா ஆரென்ட் 1958இல் வெளிவந்த 'மனித நிலை' என்ற நூலில் மன்னிப்பைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனிக்கிறார்: தண்டிக்க இயலாத ஒன்றை மனிதர்களால் மன்னிக்கவும் இயலாது. இதை வைத்துச் சிறைவிடு காதையைப் படித்தால் மந்திரத்தின் வேலை புரிகிறது. மணிமேகலை அரசியின் பிடியில் இருக்கிறாள், ஆனால் அரசியால் அவளை எதுவும் செய்ய முடியவில்லை. மன்னிக்கும் இடத்தில் அவளை உட்காரவைப்பது அந்த வலிமை. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ பேட்லாக் மிஷினில் குனிந்திருக்கிற பெண், தோளில் கை வைத்த லைன் சூப்பர்வைசரிடம் மறுநாள் சிரித்துப் பேசுவாள். பேசாவிட்டால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது பொறுமையாகத் தெரியலாம். அதை மன்னிப்பு என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

மணிமேகலை அரசிக்குச் சொல்லும் ஆறுதலிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. உடலுக்காகவா அழுகிறாய், உயிருக்காகவா என்று கேட்பது பெரிய கேள்விதான். எல்லா உயிருக்கும் இரங்கச் சொல்லும் பௌத்தம் அதில் இருக்கிறது. ஆனால் கூடவே, உதயகுமரன் வெட்டுப்பட்டது முற்பிறப்பில் அவன் ஒரு மடையனை, அதாவது சமையற்காரனை, வெட்டியதன் பயன் என்றும் விளக்கம் வருகிறது. மகனைப் பறிகொடுத்த அரசிக்கு அது மருந்தாகலாம். அதே விளக்கத்தை மில் ஹாஸ்டலுக்கு அனுப்பப்பட்ட தலித் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அம்பேத்கர், அவர் மறைந்த பிறகு 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறப்பு வினை இப்பிறப்பைத் தீர்மானிக்கிறது என்ற கொள்கையைக் கடுமையாக மறுக்கிறார். ஏழைகளின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பில்லை என்று தப்பித்துக்கொள்ளத்தான் அது பயன்படும் என்கிறார். சாத்தனாரைப் படிக்க வேண்டிய கண்ணாடி அம்பேத்கரிடம் இருக்கிறது என்று மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன்.

பக்தி மொழி நம் ஊரில் கொடுமைக்கு எப்படிச் சட்டை தைத்துப் போட்டது என்பதற்குச் 'சுமங்கலித் திட்டம்' ஒன்று போதும். அதற்குத் 'திருமகள் திருமணத் திட்டம்' என்ற பெயரும் உண்டு. மூன்று வருடம் மில்லில் தங்கி வேலை செய், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது உன் கல்யாணத்துக்கு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்ட நாட்டில் வரதட்சணையைச் சொல்லியே ஆள் பிடித்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். என்ற இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை, விடுதியை விட்டு வெளியே போக முடியாத நிலை, நீண்ட வேலை நேரம், நடுவில் நின்றுபோனவர்களுக்குப் பணம் கிடைக்காதது எல்லாவற்றையும் பதிவு செய்தது. திருமகள் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் நம் அம்மா அப்பாக்களை நன்றாகத் தெரிந்தவர்.

ஆனால் மணிமேகலையில் இன்னொரு காதை இருக்கிறது. பாடத்திட்டங்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 19ஆவது காதை. காயசண்டிகை வடிவத்தில் சிறைக்குள் போகும் மணிமேகலை அங்கே இருப்பவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து உணவு கொடுக்கிறாள். செய்தி போய், மன்னன் அழைத்து என்ன வேண்டும் என்று கேட்கிறான். தனக்கென்று அவள் எதையும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்கிறாள். மாற்றுகிறான். இங்கே மந்திரம் அவளுக்கு வேடம் தந்ததோடு சரி. மீதியெல்லாம் ஒரு கோரிக்கையும், கட்டடத்தின் விதியை மாற்றும் ஓர் ஆணையும். கொடுமைக்கு மருந்து பட்டவளின் நெஞ்சில் தேடப்படவில்லை. கொடுமை நடக்கிற இடத்திலேயே கை வைக்கப்படுகிறது.

இதை வாசிக்கும்போது எனக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2021 ஜனவரியில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அந்தக் குடும்பத்தோடும் மற்றத் தொழிலாளிப் பெண்களோடும் நின்றது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் சங்கம் அது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. சங்கமும், ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணி உள்ளிட்ட அமைப்புகளும், ஈஸ்ட்மேனும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் அதில் கட்டுப்பட்டன. பெண் தொழிலாளிகளிலிருந்தே, 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில், தளக் கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 குறைகள் எழுப்பப்பட்டு 182 தீர்க்கப்பட்டன.

இந்த எண்ணை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையைவிட வியப்புதான் அதிகம். 185 தடவை யாரோ ஒருத்தி வாய் திறந்திருக்கிறாள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இலேயே வந்தது. புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகையை நான் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்களைத் தெரிந்த தொழிலாளியைப் பார்த்தது குறைவு.

ஆரென்ட் அதே நூலில் மன்னிப்புக்குப் பக்கத்தில் வாக்குறுதியை வைக்கிறார். நடந்ததைத் திருப்ப முடியாது என்பதற்கு மன்னிப்பு. நடக்கப்போவது தெரியாது என்பதற்கு வாக்குறுதி. நம் வீடுகளும் கோயில்களும் பாடநூல்களும் பெண்களிடம் முதலாவதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. மகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் யாரும் மன்னிப்பைக் கேட்க உரிமையில்லை. ஆனால் அடுத்த ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு எழுத்தில் ஒரு வாக்குறுதி வேண்டும், அதை மீறினால் ஆர்டர் போகும் என்ற பயம் முதலாளிக்கு வேண்டும். இப்படிச் சொன்னால் தத்துவம் கணக்குப் புத்தகமாகிவிட்டதே என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அவர் கம்பெனியில் வேலை செய்தவர் அல்ல.

சாத்தனார் நேர்மையானவர், ஒன்றை மறைக்கவில்லை. 19ஆவது காதையில் சிறை அறக்கோட்டமாகிறது. 22ஆவது காதையின் பெயர் 'சிறைசெய் காதை'. மூன்றே காதைகளில், சிறையை மாற்றச் சொன்னவளையே பூட்டி வைக்க அதே மன்னனுக்கு இடம் கிடைத்துவிட்டது. திண்டுக்கல்லில் நடந்தது ஒரு குழுமத்தின் ஆலைகளில்; அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் இருக்கிற ஆயிரக்கணக்கான யூனிட்டுகளில் அது இல்லை.

இந்த முறை வகுப்புத் தேர்வில் மணிமேகலையின் பொறுமையை விளக்கச் சொல்லவில்லை. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மாத்திரையைப் பற்றிப் பேசிய பெண் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். கடைசி வரி: 'மன்னன் சிறையை மாற்றினான், ஆனால் அதற்குப் பிறகு சாவி யாரிடம் இருந்தது என்று சாத்தனார் சொல்லவில்லை.' மதிப்பெண் போடாமல் அந்தத் தாளை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.