எரிந்த கப்பல்

ஒரு கதாபாத்திரத்தைக் கொல்வதற்கே எனக்குக் கை நடுங்கும். 1984-இல் வந்த 'ஸ்டார் டிரெக்' மூன்றாவது படத்தில் ஆகாயக் கப்பலையே கொன்றுவிட்டார்கள். எதிரிகள் ஏறப்போகிறார்கள் என்றதும் அட்மிரல் கிர்க்கும் இரு சகாக்களும் ஆளுக்கொரு சங்கேதம் சொல்ல, 'என்டர்பிரைஸ்' வெடித்து, கீழே உள்ள கிரகத்தின் வானத்தில் எரிந்துகொண்டே விழுகிறது. 1966 முதல் மூன்று வருஷம் டெலிவிஷனில் அதில் பிரயாணம் செய்த ரசிகர்களுக்கு அது வெறும் தகரமா? வீடல்லவா! தரையில் நின்று பார்க்கும் கிர்க்குக்கே, என்ன செய்துவிட்டோம் என்று திகைப்பு. சற்றுமுன் மகனையும் பறிகொடுத்தவன். நண்பன் ஸ்பாக்கை மீட்க அவன் கொடுத்த விலை இது. டைரக்டர் லெனார்ட் நிமாய்க்கு (ஸ்பாக்காக நடித்தவரும் அவர்தான்!) இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

1986-இல் அடுத்த படம். முடிவில் அதே அச்சில் வார்த்த கப்பல், அதே பெயர், அதே 1701. பின்னால் ஓர் 'ஏ' மட்டும் கூடுதல். கொடுத்த விலையைத் திருப்பி வாங்கிக்கொண்டாயிற்று! முன் படத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.