சிவஞானபோதத்தில் உயிரின் இயல்பு: சார்பும் பொறுப்பும்

'நான்' என்பது யாது என்னும் வினாவிற்கு மேலை மெய்யியலார் இருவேறு திசைகளில் விடை தேடினர். 1641-இல் வெளிவந்த நூலில் தெக்கார்த்து, அனைத்தையும் ஐயுற்ற பின்னரும் ஐயுறும் 'நான்' எஞ்சி நிற்பதாக வாதிட்டார். 1739-இல் டேவிட் ஹியூமோ, தம்முள் நோக்குந்தோறும் வெப்பம், குளிர், அன்பு, வெறுப்பு முதலிய உணர்வுகளையே கண்டதாகவும், அவற்றின் வேறாய் ஒரு 'நானை'க் காணவில்லை என்றும் எழுதினார். இவ்விரு முடிபுகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் வகுத்துள்ளார் என்பது நோக்கத்தக்கது.

பன்னிரு சூத்திரங்களால் ஆகிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிரின் உண்மையை நிறுவுகிறது. 'இல்லை' என மறுப்பதற்கும் ஓர் அறிவு வேண்டும். 'என் உடல்' என்னும் வழக்கு, உடலுக்கு உடையவன் வேறென்பதைக் காட்டும். உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் செயலும் இன்மையின் மூச்சும் உயிரன்று. இவற்றுள் முதல் வாதத்தை மட்டும் கொண்டு மெய்கண்டாரைத் தெக்கார்த்துடன் இணைத்துக் காண்பது எளிது. ஆயின், அவ்வொப்பீடு அச்சூத்திரத்தின் இறுதி வாதத்தைக் கருதாது விடுகிறது. உயிர் தானே அறிவதன்று, உணர்த்தியபோதே உணர்வது. ஆதலின் அது பிரமமும் அன்று. தெக்கார்த்தின் 'நான்' தன் ஒளியால் தானே விளங்குவது. மெய்கண்டாரின் உயிரோ துணையின்றி விளங்காதது.

ஏழாம் சூத்திரம் இக்கருத்தை மேலும் கூர்மையாக்குகிறது. சத்தாகிய இறைவன் முன் அசத்து விளங்காது. அசத்தாகிய உலகிற்கோ அறிவில்லை. இரண்டையும் அறியும் உயிர் இவ்விரண்டும் அன்று, அதுவே சதசத்து. தான் சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு.

ஈண்டு ஒரு சிக்கல் எழுகிறது. சார்ந்ததன் வண்ணமே உயிரெனின், வினைக்குப் பொறுப்பேற்பது எது? ஆணவத்தைச் சார்ந்து செய்த பிழை ஆணவத்தினதா, உயிரினதா? உயிருக்கெனத் தனித்தன்மை யாதும் இல்லையெனின், வினைக்கொள்கையே அடித்தளம் இழக்கும். சித்தாந்தமும் தான் மறுக்கும் பௌத்தத்தின் அனான்ம வாதத்தை அணுகிவிடும்.

இதற்கு விடை உவமைத் தேர்வில் உள்ளது எனலாம். சித்தாந்த நூல்கள் படிகத்தையும் கண்ணையும் உவமையாக ஆள்கின்றன. படிகம் நிறத்தை ஏற்கிறது. ஆனால் ஏற்பதை அறியாது. கண்ணோ இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்பினும், ஒளி வந்தவழிக் காண்பது கண்ணே. ஒளி கண்ணுக்காகக் காண்பதில்லை. காட்டுவது பிறிதாயினும் காண்டல் கண்ணின் தொழில். அதுபோல, அறிவதற்கு உயிர் துணையை வேண்டினும் அறிதல் உயிரினது. எனவே பொறுப்பும் உயிரினதே. படிக உவமையை மட்டும் வற்புறுத்தும் விளக்கங்கள் உயிரைச் செயலற்ற பொருளாகக் குறைத்துவிடும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. இருளிலிருந்து ஒளியை நோக்கிக் கண்ணைத் திருப்புவது உயிரா, அருளா? அருளே எனின் பொறுப்பு மீண்டும் நெகிழும். உயிரே எனின் உணர்த்த உணரும் அதன் இயல்பு ஊறுபடும். உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை உண்டெனவும், அவை அருளால் விளக்கம் பெறும் எனவும் கூறிச் சித்தாந்தம் இரண்டையும் பேணுகிறது. இவ்விணைப்பு வினாவைத் தீர்த்துவிடுவதில்லை. அதன் இரு முனைகளையும் விடாது பற்றி நிற்கிறது. தனித்து நிற்கும் 'நான்', 'நான்' என ஒன்றில்லை என்னும் இரு முடிபுகளுக்கிடையே, சார்ந்து வாழ்ந்தும் பொறுப்புடையதோர் உயிரை நினைக்க வைத்ததே மெய்கண்டாரின் கொடை.