மணியோசை கேட்ட பின்

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைச் சொல்லும்போது நாம் மணியையும் தேர்க்காலையுமே பெரிதும் வியந்து பேசுகிறோம். சேக்கிழார் காட்டும் மனுவேந்தனோ மணியோசை செவியிற் பட்டதும் அரியணையை விட்டு இறங்கி வாயிலுக்கு வருகிறான். அங்கே அலறி நிற்கும் பசுவைத் தன் கண்ணாற் காண்கிறான். நீதி தொடங்குவது அந்தப் பார்வையில்தான்.

2003 ஜனவரியில் இலண்டனில் வெளியான ஒரு விசாரணை அறிக்கையைப் படித்தபோது இக்கதையே நம் நெஞ்சில் நின்றது. விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமியின் மரணத்தைப் பற்றி லேமிங் பிரபு அளித்த அறிக்கை அது. இலக்கிய மலரில் அரசாங்க அறிக்கைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். படிப்பவனை உறங்கவிடாத நூல் எந்த அச்சகத்திலிருந்து வந்தாலும் திறனாய்வுக்கு உரியதே என்பது நம் கருத்து.

விக்டோரியா 1991இல் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளைத் தந்தையின் அத்தையிடம் ஒப்படைத்தனர். பிரான்சு வழியாக 1999 ஏப்ரலில் இலண்டன் வந்த அவள் பயணம் செய்தது வேறொரு குழந்தைக்கான கடவுச்சீட்டில். ஆகவே அந்நகரத்து அலுவலகங்கள் யாவும் அவளை ‘அன்னா’ என்றே அறிந்தன. 2000 பிப்ரவரி 25இல், எட்டு வயதில் அவள் இறந்தபோது உடலில் 128 காயங்கள் இருந்தன. அத்தையும் அவளுடைய துணைவனும் 2001இல் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றனர்.

ஆனால் அறிக்கையின் பொருள் அவ்விருவரின் கொடுமை அன்று. மணி பலமுறை அடித்தது என்பதே அதன் பொருள். உறவினர் ஒருவர் 1999 ஜூனிலேயே தொலைபேசியில் எச்சரித்தார். ஜூலையில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மருத்துவமனைகள் அவளைக் கண்டன. முதல் மருத்துவமனை அவள் உடலில் இருந்த புண்களுக்குச் சொறிநோய் என்று பெயர் சூட்டியது. நான்கு வட்டாரங்களின் சமூக நலத்துறைகளும் காவல்துறையின் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களும் இக்கதையில் வருகின்றன. காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகளை லேமிங் எண்ணிக் காட்டுகிறார். ஒரு வட்டாரம் அவளது கோப்பை முறைப்படி முடித்து வைத்த நாள், அவள் இறந்த அதே நாள்!

இவ்வளவையும் சொல்லும் நடையில் ஒரு துளிக் கண்ணீர் இல்லை. எந்தத் தேதியில் எந்தக் கடிதம் எவர் மேசைக்குச் சென்றது என்ற கணக்கே பக்கம் பக்கமாக நீள்கிறது. அவலச் சுவைக்காக அடைமொழிகளை அடுக்கும் நம் கதாசிரியர்கள் இதைச் சற்றுக் கற்கலாம். இறுதி வாரங்களில் ஊழியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டுகிறார், பதில் இல்லை, குடியிருந்தோர் இடம் மாறிவிட்டனர் என்று முடிவு செய்கிறார். அவ்வேளையில் சில கசத் தொலைவிலேயே குளியல் தொட்டியில் குழந்தை கிடந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. ஒரு நாவலில் இதைக் கண்டிருந்தால் மிகை என்று நாமே ஒதுக்கியிருப்போம்.

டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் ஒரு காட்சி உண்டு. புகைபோக்கி துடைக்கும் கொடியவனிடம் ஆலிவரை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய முதிய நீதிபதி, மைக்கூட்டைத் தேடுகிறார். தேடும் கண்கள் தற்செயலாகச் சிறுவனின் வெளிறிய முகத்தில் விழுகின்றன. பேனா நின்றுவிடுகிறது. மைக்கூடு நினைத்த இடத்தில் இருந்திருந்தால் ஆலிவரின் கதி என்ன? விக்டோரியாவின் வரலாற்றில் மைக்கூடுகள் யாவும் வைத்த இடத்திலேயே இருந்தன.

இந்த இடத்தில்தான் லேமிங்கோடு நமக்கு மாறுபாடு. தாளையே பார்த்து முகத்தைப் பாராத நோயைத் துல்லியமாகக் கண்டவர், மருந்தாக 108 பரிந்துரைகளை எழுதினார். அவற்றில் நல்லவை பல. 2004இல் புதிய சட்டமும் வந்தது. எனினும் விக்டோரியாவின் கோப்பு இருந்த அதே ஹேரிங்கே வட்டாரத்தில் 2007 ஆகஸ்டில் பதினேழு மாத ஆண் குழந்தை ஒன்று அடிபட்டு மாண்டது. ஆபத்திலுள்ள குழந்தைகளின் அரசுப் பட்டியலில் அதன் பெயர் ஏற்கெனவே இருந்தது. பட்டியல் பழுதின்றி எழுதப்பட்டிருந்தது என்பதுதான் அதிலுள்ள கொடுமை.

நம் நாட்டிலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கும், தெரிவித்ததைப் பதிவு செய்யாதவருக்கும் அதன் 21ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. மணியை அடிக்காதவனும் ஓசையை ஏட்டில் எழுதாதவனும் அதில் அகப்படுவர். எழுதியபின் வாயிலுக்கு வராதவனைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை.

19ஆம் பிரிவில் நம்மைப் போல் மொழி வேறான ஊரில் வாழ்வோர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: பதிவு செய்யும் மொழி குழந்தைக்குப் புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். விக்டோரியா பேசியது பிரெஞ்சு. அலுவலர்கள் முன் அவளுக்காகப் பெரும்பாலும் பேசியவளோ அவளைத் துன்புறுத்திய அந்த அத்தையே. தில்லியிலோ மும்பையிலோ ஒரு தமிழ்க் குழந்தை காவல் நிலையத்தில் நிற்க நேர்ந்தால், அதன் சொல்லைப் பெயர்ப்பவர் அக்குழந்தையை அழைத்து வந்த உறவினராக இருத்தலாகாது என்று கேட்டு வாங்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும்.