ஆரஞ்சுக்கு எதுகை உண்டு

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் வீதியில் சில கிலோமீற்றர் போனால் டிக்கோயா. அங்குள்ள எந்தத் தேயிலை ஸ்டோருக்குள் நுழைந்தாலும் அடுக்கி வைத்திருக்கும் காகித மூட்டைகளில் பி.ஓ.பி. என்ற மூன்று எழுத்து கண்ணில் படும். விரித்துச் சொன்னால் புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. தேயிலையில் ஆரஞ்சுப் பழமும் இல்லை, அதன் வாசனையும் இல்லை. இலைத் துண்டின் அளவையும் வகையையும் சொல்லும் தரப்பெயர் அது. பெக்கோ என்பது சீனச் சொல், தளிர் மேல் படிந்திருக்கும் வெண்மயிரைக் குறித்தது.

நடுவில் நிற்கும் அந்த ஆரஞ்சுதான் ஆங்கிலக் கவிஞர்களுக்குப் பெரிய தலைவலி. ஒத்து ஒலிக்கும் இணைச்சொல் இல்லாத சொல் என்று ஆங்கிலத்தில் முதலில் சொல்லப்படுவது அதுதான். தேடித் தேடி வேல்ஸ் நாட்டில் ப்ளோரெஞ்ச் என்று ஒரு மலையைக் கண்டுபிடித்தார்கள். பெரணிச் செடியின் வித்திப் பைக்குத் தாவரவியலார் வைத்த ஸ்போரேஞ்ச் என்ற பெயரையும் இழுத்து வந்தார்கள். மலையையும் பெரணியையும் விட்டால் வேறு துணை அகப்படுவது அரிது.

அதே சொல் டிக்கோயா மலையேறித் தமிழ் வாய்க்குள் வந்ததும் அதற்கு உறவு பெருகிவிடுகிறது. எப்படிப் பெருகுகிறது என்று கேட்கப் பழகினால், மலையகப் பாட்டின் பாதி அழகு நம் காதுக்கு எட்டிவிடும்.

வாலை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்

ஆங்கிலச் செய்யுள் ஒலி ஒற்றுமையைச் சொல்லின் வாலில் தேடும். அழுத்தி உச்சரிக்கும் உயிரிலிருந்து கடைசி வரை ஒத்து வரவேண்டும். தமிழ்ச் செய்யுள் முதலில் பார்ப்பது தலையையும் கழுத்தையும். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. கடைசி ஒத்து வந்தால் இயைபு. தொல்காப்பியச் செய்யுளியல் காலத்திலிருந்தே இந்த மூன்று வாசலும் நமக்குத் திறந்திருக்கின்றன.

ஆரஞ்சை மூன்று வாசலிலும் நிறுத்திப் பாருங்கள். மோனைக்கு ஆறு, ஆடி, அரும்பு வரும். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையும் வரும். எதுகைக்குச் சாரல், ஈரம், பாரம், தூரம், நேரம். இயைபுக்குப் பஞ்சு, நஞ்சு, பிஞ்சு, நெஞ்சு. எதுகை வரிசையை மட்டும் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். சாரலில் நனைந்து, ஈரத் தலையோடு, கூடைப் பாரத்தைத் தூக்கி, தூரம் நடந்து, நேரத்துக்குக் கொழுந்து நிறுக்க வரும் ஒருத்தி அந்த ஐந்து சொல்லுக்குள்ளேயே நடந்து வருகிறாள்.

பெயர்ப்பலகையை விட்டு, வாயைக் கேளுங்கள்

ஒரு சொல்லுக்கு எதுகை தேடுமுன் அது மக்கள் வாயில் என்ன உருவம் எடுத்தது என்று கேட்க வேண்டும். வடசொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை உடுத்திக்கொள்ளும் என்று எச்சவியலில் தொல்காப்பியர் வழி சொன்னார். தோட்டத்து மக்கள் இலக்கணம் படிக்காமலே ஆங்கிலச் சொல்லுக்கு அதைச் செய்தார்கள்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பரேடு, அவர்கள் வாயில் பெரட்டு ஆனது. உடனே மிரட்டு, விரட்டு, புரட்டு எல்லாம் அதற்குச் சொந்தமாயின. கழுத்தும் ஒத்தது, வாலும் ஒத்தது. தப்பு மேளச் சத்தம் கேட்டு இருட்டோடு பெரட்டுக்களத்துக்கு ஓடியவர்களுக்கு அந்தச் சொற்கள் ஒலியால் மட்டும் உறவில்லை.

1884இல் ஹட்டனை எட்டிய ரயிலுக்குக் கோச்சி என்று பெயர் விழுந்தது. ஆங்கிலக் கோச் சிங்களத்தோடும் பழகி எடுத்த வடிவம் அது. ஆச்சி, பேச்சு, மூச்சு என்று அதற்கும் வீடு நிறையச் சொந்தம். மேட்டில் மூச்சிரைத்து ஏறும் வண்டிக்கு மூச்சு என்ற எதுகை தானாக வந்து நிற்கிறது.

இந்த வரிசையில் என் மனத்தை அதிகம் பிடித்தது லயம். 10 அடிக்கு 12 அடி அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் குடியிருப்பை ஆங்கிலத்தில் லைன் என்றார்கள், மக்கள் லயம் என்றார்கள். தாளத்தோடு சேர்ந்த இசைச்சொல் ஒன்று அந்த ஒடுங்கிய வரிசைக்குப் பெயராகிவிட்டது. அதன் எதுகைகள் பயம், வயிறு, துயரம், உயிர். நயமும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

சொல்லை உடைத்துக் கேளுங்கள்

எதுகை ஓரெழுத்தோடு நிற்கவேண்டியதில்லை. ஆரஞ்சு என்ற முழுச் சொல்லுக்கும் தமிழில் இணை உண்டு. பாரம் என்பதோடு சுமந்து சேர்ந்தால் மகர ஒற்று ஞகரமாகத் திரியும்: பாரஞ்சுமந்து. இப்போது ஆரஞ்சு, பாரஞ்சு என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தைத் தவிர மிச்சம் எல்லாம் அச்சாக ஒத்துவிட்டது. நேரஞ்சுணங்கி, வாரஞ்சுருங்கி, ஓரஞ்சுருட்டி என்று எத்தனை வேண்டுமானாலும் பிறக்கும்.

சீருக்காகச் சொல்லை நடுவில் பிரிப்பதற்கு யாப்பில் வகையுளி என்று பெயர். ஆங்கிலக் கவிஞரும் வரி முடிவில் சொல்லை உடைத்து இணை தேடுவதுண்டு, அங்கே அது வித்தையாகத் தெரியும். இங்கே பாடுகிறவளின் மூச்சு ஓடும் போக்கிலேயே அது நடந்துவிடும், காதும் அதைத் தடுக்காது.

ஒரு முயற்சியாக நானே இரண்டு வரி கட்டிப் பார்த்தேன்:

ஆரஞ்சு பெக்கோன்னு பெட்டிக்கொரு பேரு
நேரஞ் சுணங்கினா எனக்கு அரப்பேரு

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. அரைப்பேர் விழுந்தால் அரை நாள் கூலி போயிற்று. முதல் வரியில் பெக்கோ, பெட்டி, பேரு மோனையாக நிற்கின்றன. இரு வரித் தொடக்கமும் எதுகை, முடிவு இயைபு. பெட்டிக்குக் கிடைத்த பேரும் பறித்தவளுக்குக் கிடைத்த பேரும் ஒரே ஒலிதான், பொருளில்தான் பாதி குறைகிறது.

ஒலியோடு பொருள் வருகிறதா?

ரசனைக்குக் கடைசி உரைகல் இதுதான். ஒலி மட்டும் ஒத்தால் அது விளையாட்டு. ஆரஞ்சுக்குப் பஞ்சு போட்டுவிட்டுப் பஞ்சுக்கு அங்கே வேலை இல்லையென்றால், கேட்டவர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். பெரட்டுக்கு விரட்டு வந்தால் மறக்கமாட்டார். நல்ல எதுகை இரண்டு சொல்லையும் ஒருமுறை பக்கத்தில் நிறுத்திவிட்டால், பிறகு ஒன்றைக் கேட்கும்போது மற்றதும் மனத்தில் எழும்பும்.

மலையகத்தின் பழைய பாட்டுகளை இந்தக் காதோடு கேளுங்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதத் தெரிந்த அவர், கொழுந்து மலையில் பிறந்த பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று கவலைப்பட்டார். ஹட்டனை இருப்பிடமாக்கி 1931இல் தொழிலாளர் சம்மேளனம் கட்டிய கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் சங்கச் செய்தியைப் பாட்டாக்கினார்கள். 1940இல் மீனாட்சி அம்மையின் பாடல்கள் தனி நூலாகவே வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு செய்தி மனப்பாடமாக வேண்டுமானால் எதுகையும் மோனையும்தான் அதைப் பிடித்து வைக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி உங்கள் முறை

டிக்கோயாவைச் சுற்றிய தோட்டப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். டன்கெல்ட், ஸ்ட்ராத்டன், ஃபோர்டைஸ், வார்லி. ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்கள் பல அவற்றில் கலந்திருக்கின்றன. ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் ஓர் உகரமோ வேற்றுமை உருபோ சேருங்கள். நோர்வூட் என்றால் முரண்டு பிடிக்கும், நோர்வூட்டுல என்றதும் பூட்டுல, கூட்டுல, வீட்டுல என்று கதவுகள் திறக்கும். கிடைத்த சொற்களில் எது அந்த ஊரின் வாழ்வைத் தொடுகிறது என்று தேர்ந்தெடுங்கள்.

ஆரஞ்சின் மூலத்தைத் தேடிப் போன மொழியியலாளர் சமஸ்கிருத நாரங்க என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். அதற்கும் பின்னே திராவிட மூலம் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையைச் சொல்லிப் பாருங்கள், சொந்தம் காதுக்கே தெரியும். அந்தச் சொல் பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா போய், வழியில் முதலில் நின்ற ‘ந’ என்ற எழுத்தைத் தொலைத்து, ஆங்கிலத்தில் துணையில்லாமல் நின்றது. தேயிலை மூட்டையில் ஏறி அது டிக்கோயாவுக்கு வந்திருக்கிறது. வீட்டில் பாட்டிமார், அப்பாயிமார் இருந்தால் அவர்கள் பாடும் பாட்டைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். இப்படி வந்து சேர்ந்த சொற்களுக்கு உறவு தேடித் தந்தவர்கள் அவர்கள்தான்.