பிறை போட்ட ரூபாய்

காட்டேரிக்குப்பத்தில் பாட்டி காலத்துப் பெட்டியில் வெள்ளிக்காசு கிடைத்தால், அடகுக்கடைத் தராசுக்குப் போகுமுன் உற்றுப் பாருங்கள். பாரசீக எழுத்துகளுக்கு நடுவே சின்னப் பிறை தெரிகிறதா? அது புதுச்சேரி நாணயச்சாலையின் அடையாளம். 1736இல் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் முகலாய மன்னர் பெயரிலேயே அடித்த ரூபாய். அச்சு பெரிது, காசு சிறிது. எழுத்து பாதிதான் விழும். அந்தப் பாதியை வைத்தே மன்னரையும் ஆண்டையும் கண்டுபிடிப்பதில் அப்படியொரு இன்பம்!

அதே பெட்டியில் ஆங்கிலேயர் கால ரூபாயும் இருக்கலாம். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை வந்த ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காசில் படிந்த கருமைக்கும் மதிப்புண்டு. உருக்கக் கொடுத்தால் வெள்ளிக்கு மட்டுமே விலை. சேகரிப்பாளரிடம் கொடுத்தால் காசும் பிழைக்கும், சரித்திரமும் பிழைக்கும்.