கள்வனும் பொற்கொல்லனும்: குற்றவாளிக் கதைகளின் கவர்ச்சி பற்றிச் சில சிந்தனைகள்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலே நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துசெல்லும் பகுதியொன்று உண்டு. கோவலனைப் பிடிக்க வந்த காவலர் அவனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவனது தோற்றம் கள்வனின் தோற்றமன்று என்பது அவர்தம் எண்ணம். அப்பொழுது அவர்களை அழைத்துவந்த பொற்கொல்லன் நகைத்து, களவுத் தொழிலின் திறத்தை விரித்துரைக்கின்றான். மந்திரம் முதல் கருவி ஈறாகக் கள்வருக்குத் துணையாவன எட்டு என எண்ணிக் காட்டுகின்றான். வேடமிட்டு அரண்மனை புகுந்து, இளவரசனின் மார்பணியைக் கவர்ந்து, அவன் வாளுக்கும் அகப்படாது மறைந்த ஒருவனின் கதையையும் சொல்கின்றான். அதனைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மழையிரவொன்றில் தன் வாளையே பறித்துச்சென்ற கள்வனை நினைவுகூர்கின்றான். கதைகள் முடிகின்றன. கல்வியறிவற்ற காவலன் ஒருவனின் வாள் கோவலன் மீது பாய்கின்றது.

கள்வனின் திறமையை இத்துணைச் சுவையுடன் எடுத்துரைப்பவன் யார்? அரசியின் சிலம்பைக் கவர்ந்து தன்னிடம் மறைத்து வைத்திருப்பவன். மாயக் கள்வனைப் பற்றிய கதையில் காவலர் மனம் மயங்க, உண்மைக் கள்வன் அவர்கள் அருகிலேயே அச்சமின்றி நிற்கின்றான். குற்றமற்றவன் மடிகின்றான். குற்றவாளிக் கதைகளின் கவர்ச்சி எதற்குப் பயன்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தமிழில் இல்லை என்றே கூறலாம்.

இத்தகைய கதைகளைப் பற்றி நம்மிடையே வழக்கமாக எழுப்பப்படும் வினா, அவை இளைஞரைக் கெடுக்கின்றனவா என்பதாகும். இது ஒழுக்கவாதிகளின் வினா. இவ்வினாவை எழுப்புவோர், மக்கள் ஏன் கள்வனை விரும்புகின்றனர் என்று கேட்பதில்லை. அதனைக் கேட்டவர்களுள் முக்கியமானவர் வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் ஆவார். 1959இலும் 1969இலும் வெளிவந்த தமது நூல்களில், அரசு குற்றவாளியெனக் கருதும் ஒருவனைக் கிராமத்து மக்கள் தம் காவலனாகக் கருதும் நிலையை ஆராய்ந்து, அதற்குச் சமூகக் கொள்ளை எனப் பெயரிட்டார். சட்டம் தமக்குரியதன்று என்று மக்கள் உணருமிடத்தில், சட்டத்தை மீறுபவன் அவர்களுக்கு அந்நியனாகத் தோன்றுவதில்லை என்பது அவர் ஆய்விலிருந்து நாம் பெறும் விளக்கமாகும்.

நமது நாட்டில் இதற்குச் சிறந்த சான்று உதுவன்கந்த சரதியேல். மாவனல்லைக்கு அருகில் உள்ள குன்றைப் புகலிடமாகக் கொண்டு, கொழும்பு–கண்டி வீதியில் வழிப்பறி செய்தவன் அவன். 1864ஆம் ஆண்டு மே 7ஆந் திகதி கண்டியில் தன் கூட்டாளி மம்மலே மரிக்காருடன் தூக்கிலிடப்பட்டான். செல்வரிடம் பறித்து வறியவர்க்கு வழங்கியவன் என்று மக்கள் அவனைப் போற்றினர். இன்றும் அவனை இலங்கையின் றொபின் ஹூட் என்பர். அவன் வாழ்ந்த காலத்தை மறந்து இப்புகழை விளங்கிக்கொள்ள முடியாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்தை நிறுவ இயலாத நிலங்களை அரசுக்குரியனவாக்கியது. பரம்பரையாக உழுத சேனை நிலங்களுக்கு ஆவணம் காட்டக் கிராமத்தவரால் இயலவில்லை. மலைநாட்டின் பெரும்பரப்புகள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்புவும் முன்னரே ஆட்சியாளரால் கொள்ளையனாகத் தேடப்பட்டவனே. வீதியில் வண்டியை மறித்தவனைக் கொள்ளையன் என்ற சட்டம், காடுகளையும் மேட்டுநிலங்களையும் எடுத்துக்கொண்டவர்களைத் துரைமார் ஆக்கியது. அந்த மக்கள் சரதியேலைப் பாடியதில் வியப்பில்லை.

ஆயினும் சரதியேலின் கதையில் இன்னொரு பெயரும் உண்டு. 1864 மார்ச் 21ஆந் திகதி அவனைப் பிடிக்க முயன்றபோது கொன்ஸ்தபிள் சபான் சுடப்பட்டு இறந்தான். கடமையின்போது உயிர்நீத்த முதலாவது பொலிஸ்காரன் எனப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் அந்நாளில் அவனை நினைவுகூர்கின்றது. மாவனல்லையிலே சரதியேலின் பெயரால் ஒரு மாதிரிக் கிராமம் அமைக்கப்பட்டுள்ளது. நண்பர்களுடன் அங்கு சென்றபோது, கொள்ளையனின் உருவத்தோடு படம் எடுத்துக்கொள்ள நாங்கள் முண்டியடித்தோம். சபானைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. சிங்களக் கொள்ளையன், முஸ்லிம் கூட்டாளி, மலாயக் கொன்ஸ்தபிள் ஆகிய மூவரும் சாதாரண மக்களே. மூவரும் மாண்டனர். அரசு சபானைத் தனதாக்கிக்கொண்டது. மக்கள் கதை சரதியேலை எடுத்துக்கொண்டது. காணியை எடுத்தவர்கள் இவ்விரு கதைகளுக்கும் வெளியே நிற்கின்றனர். பொற்கொல்லன் இங்கேயும் அகப்படவில்லை.

1972இல் அன்ரன் புளொக் என்னும் மானிடவியலாளர் ஹொப்ஸ்போமின் கருத்தை மறுத்து எழுதினார். கொள்ளையர் பலர் நிலவுடைமையாளரின் ஆதரவில் வாழ்ந்து, உழவரை அடக்கவே உதவினர் என்பது அவர் வாதம். நல்ல கொள்ளையன் பெரும்பாலும் கதைகளிலேயே வாழ்பவன் என்று இதிலிருந்து கொள்ளலாம். இம்மறுப்பு வலுவுடையது. எனினும் அதனால் கதைகள் பொருளற்றவை ஆகிவிடா. நடவாத நீதியைக் கதையிலாவது நடத்திப் பார்க்கும் வேட்கை உண்மையானதே. அவ்வேட்கையைக் கலைஞன் எங்கே கொண்டுசெல்கின்றான் என்பதே விமர்சகனின் வினாவாதல் வேண்டும்.

தமிழ்த் திரைப்படத்தில் இவ்வேட்கை பெருவணிகமாயிற்று. 1954இல் எம். ஜி. ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’ சிங்களம் உட்பட வேறு மொழிகளிலும் எடுக்கப்பட்டமை, அக்கள்வனுக்கு மொழியெல்லை இல்லை என்பதைக் காட்டும். 1987இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’ இவ்வரிசையில் தனித்து நோக்கற்பாலது. தந்தையைப் பொலிஸாரிடம் பறிகொடுத்த சிறுவன் பம்பாயின் சேரியில் வளர்ந்து, அங்குள்ள தமிழருக்கு அரசாகவும் நீதிமன்றாகவும் விளங்குகின்றான். இதுவரை பழைய கதையே. ஆனால் வேலு நாயக்கர் கொன்ற பொலிஸ் அதிகாரியின் மனைவியையும் மனவளர்ச்சி குன்றிய மகனையும் படம் மறப்பதில்லை. தந்தையின் வன்முறையைக் கேள்விக்குட்படுத்தி மகள் வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். இறுதியில் நீதிமன்றம் விடுவித்தவனை அந்த அதிகாரியின் மகன் சுட்டுக் கொல்கின்றான். கொல்லப்பட்டவனுக்கு ஒரு வீடு இருந்தது என்பதைக் காட்டியமையே இப்படத்தின் சிறப்பு. படத்தைக் கொண்டாடும் நாம் கதாநாயகனின் நடையையும் பேச்சையும் மட்டுமே நினைவிற்கொண்டோம். அக்குறை படத்தினுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.

2021இல் வெளிவந்து தமிழிலும் பெருவெற்றி பெற்ற ‘புஷ்பா’ என்னும் தெலுங்குப் படம் வேறு திசையிற் செல்கின்றது. செம்மரம் வெட்டும் கூலியாள் ஒருவன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்வதே கதை. தந்தைவழிப் பெயர் மறுக்கப்பட்டவனின் அவமானம் அதில் உண்மையுடன் வெளிப்படுகின்றது. ஆயின் அவன் தலைவனான பின்னரும் ஏனைய கூலியாட்கள் கூலியாட்களாகவே இருக்கின்றனர். அவன் வெற்றி அவர்களுடையதென நம்பும்படி படம் நம்மைப் பழக்குகின்றது. அதே செம்மரக் காட்டிலே, சேஷாசலம் மலைப்பகுதியில், 2015 ஏப்ரல் 7ஆந் திகதி இருபது பேர் ஆந்திரப் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குச் சென்ற வறியவர்கள். தற்பாதுகாப்புக்காகச் சுட்டதாகப் பொலிஸார் கூற, மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. மரம் வெட்டியவர்கள் இறந்தனர். மரத்தை வாங்கி விற்றவர்கள் அன்று அக்காட்டில் இல்லை. படத்தின் கதாநாயகனுக்காகக் கைதட்டிய அரங்குகளில் இந்த இருபது பேரை நினைத்தவர் எத்தனை பேர்?

குற்றவாளிக் கதைகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அவற்றில் நாம் கொள்ளும் இன்பத்திற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. அதனுள் நீதியின்மீதான தாகம் இருக்கின்றது. ஆனால் அத்தகைய படைப்பு ஒவ்வொன்றையும் நோக்கி இரண்டு வினாக்களை எழுப்புதல் நம் கடமை. இக்கதையில் இறந்தவனுக்கு இடமுண்டா? இக்கதை நடக்கும் நாட்டில் பெருங்களவு செய்தவன் எங்கே நிற்கின்றான்? சபானையும் சேஷாசலத்தின் கூலியாட்களையும் மறைக்கும் கதை எத்துணைச் சுவையுடையதாயினும், அது பொற்கொல்லன் சொல்லும் கதையே. அதனைக் கேட்டு மயங்கி நிற்பவர்கள் கையிலும் வாள் உண்டு என்பதை இளங்கோ அன்றே காட்டிச் சென்றார்.