கொண்டையைப் பார்த்துக் கோழி வாங்கலாமா?

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஓக்கா என்னும் ஊரின் துறவி மடத்தில், 1908ஆம் ஆண்டு வில்ஃப்ரிட் ஷாத்லேன் என்ற துறவி கோழிகளைக் கலந்து புதிய இனம் ஒன்றை உருவாக்கும் வேலையில் இறங்கினார். அன்றைய கியூபெக் பண்ணைகளில் இருந்த கோழிகள் பிற நாடுகளிலிருந்து வந்தவை. சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும் அந்த ஊர்க் குளிரில் அவற்றின் பெரிய கொண்டையும் தாடியும் உறைந்து கறுத்தன. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1918இல் அவர் வெளியே காட்டிய ஷாண்டெக்ளேர் கோழிக்குத் தலையோடு ஒட்டிய சிறிய கொண்டை. தாடியோ இருக்கிறதா என்று தேட வேண்டும். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

அந்தக் கொண்டையில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. ஷாத்லேன் கலந்த இனங்களுள் ஒன்று கார்னிஷ். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவான அந்த இனத்தின் முக்கிய மூதாதை, இந்தியாவிலிருந்து போன அசீல் சண்டைக்கோழி. அசீல் வழி வந்த பட்டாணிக் கொண்டையும், வயாண்டாட் இனத்தின் ரோஜாக் கொண்டையும் அந்தக் கலப்பில் ஒன்றாகச் சேர்ந்தன.

இன்று எந்த நாட்டிலும் குளிருக்கு ஏற்ற கோழி எது என்று கேட்டால், சிறிய கொண்டை உள்ள இனத்தை வாங்கு என்பதே முதல் பதிலாக வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. இறகு மூடாத கொண்டையும் தாடியும் உடல் வெப்பத்தை வெளியே விடும் உறுப்புகள். கோடையில் அது வரம். உறைகுளிரில் அதே வழியாக வெப்பம் கசிகிறது, திசு செத்துப் போகிறது. கொண்டை உறைந்த சேவலின் கருவூட்டும் திறனும் குறைகிறது. கியூபெக்கின் வறண்ட, கடுங்குளிருக்கு ஷாத்லேன் கண்ட விடை மிகச் சரியானது.

ஆனால் ஈரக் குளிர் வேறு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் குளிர்காலம் பெரும்பாலும் சுழியத்துக்குச் சில டிகிரி மேலேயே நின்றுவிடுகிறது. மழை மட்டும் விடுவதில்லை. அங்கே கொண்டை உறைவது அரிது, இறகு நனைவதும் கால் சேற்றில் ஊறுவதும் அன்றாடம். அந்நாட்டுப் பழைய பண்ணைக் கோழியான ஸ்காட்ஸ் கிரே இனத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டைதான். கொண்டையை மட்டும் பார்ப்பவர் அதை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார். ஈரப் புல்லில் உடல் படாமல் நடக்க உதவும் அதன் நீண்ட கால்கள் அவர் கண்ணில் படாது.

பிரம்மா என்னும் கோழி இனம் இதற்கு நேர்மாறு. பட்டாணிக் கொண்டை, கனத்த உடல், அடர்ந்த இறகு எல்லாம் இருப்பதால் குளிர்ப் பட்டியல்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது. அதன் கால்விரல் வரை இறகு மூடியிருக்கும். உலர்ந்த பனியில் அது காலுறை போல உதவலாம். சேற்றில் உருண்டை உருண்டையாக மண் ஒட்டும், இரவில் அந்த ஈரமே உறையும், பாதத்தில் புண் வரும். சில்க்கி என்னும் இனத்தின் நிலை இன்னும் மோசம். இறகின் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் அதற்கு இல்லாததால் மழைநீர் வழிந்தோடாமல் தோல் வரை இறங்குகிறது. நனைந்த இறகு வெப்பத்தைப் பிடித்துவைக்காது. பார்க்கப் பஞ்சுப்பொதி போல இருக்கும் கோழி குளிரைத் தாங்கும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தேர்வு முறையின் மிக ஆபத்தான பகுதி.

அசீலும் ஒரு பாடம் சொல்கிறது. கொண்டை சிறியது, தாடி அதனினும் சிறியது. ஆனால் இறகு குறைவு. மார்பில் தோல் தெரியும். வெயில் நிலத்துக்கு வார்த்த உடல் அது.

சிறிய கொண்டை வகைகளுள் ரோஜாக் கொண்டைக்கு ஒரு விலையும் உண்டு. அந்த வடிவத்தைத் தரும் மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இரு வழியிலும் பெற்ற சேவல்களுக்குக் கருவூட்டும் திறன் குறைவு என்பதை 2012இல் வெளியான மரபணு ஆய்வு விளக்கியது. வயாண்டாட் வளர்ப்போர் நெடுங்காலம் பார்த்து வந்த கூமுட்டைச் சிக்கலுக்கு இதுவே பெரிய காரணம். சொந்தமாகக் குஞ்சு பொரிக்க நினைப்பவருக்கு இது சிறிய குறை அல்ல.

எந்த இனமானாலும் கொட்டகை கெட்டால் தேர்வு வீண். கோழி எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. குளிருக்குப் பயந்து சாளரத்தை அடைத்தால் அந்த ஈரம் கொண்டையில் படிகிறது. வெளியே நின்றால் தப்பியிருக்கும் கொண்டை உள்ளே உறைவது இதனால்தான். ஈரக் கூளம் இரத்தக் கழிச்சல் கிருமிக்கும் வசதியான இடம். கோழிகள் அடையும் உயரத்துக்கு மேலே காற்று வெளியேற வழியும், காலடியில் உலர்ந்த கூளமும் இருப்பது கொண்டை வடிவத்தைவிட அதிகப் பலன் தரும்.

நீலகிரிக்கு இரண்டு சோதனையும் ஒரே ஆண்டில் வருகிறது: ஜூன் தொடங்கி மழையும் மூடுபனியும், டிசம்பர், ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி. ஆனால் அந்த உறைபனி கியூபெக்கின் கடுமைக்கு அருகில் வராது. கொட்டகை உலர்ந்திருந்தால் ஒற்றைக் கொண்டை தாங்கும். அங்கே ரோட் ஐலண்ட் ரெட் போன்ற, இறகு இறுகிப் படிந்த, காலில் இறகில்லாத, நடுத்தர எடையுள்ள கோழியே நல்ல தேர்வு. அரிய இனத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வாங்கும்போது இனப்பெயரோடு நிற்காமல், தாய்க்கோழிகளை மழை நாளில் போய்ப் பார்க்க வேண்டும்: இறகில் நீர் வழிகிறதா ஊறுகிறதா, விரலிடுக்கில் புண் உண்டா, சென்ற பருவத்தில் எத்தனை முட்டை பொரித்தன என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கொண்டையைப் பார்க்கலாம்.